மணியடித்தால் கூட்டம்

எங்கள் கிளப்பில் வாரக் கூட்டத்துக்கு மட்டம் போட்டவனுக்கு அந்தக் காலத்தில் இரண்டு வழிதான். அடுத்த வாரம் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று ஃபைன் கட்டலாம். இல்லையென்றால் கும்மிடிப்பூண்டிக்குப் போகலாம்.

ஃபைனே தேவலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. எங்கள் திருவள்ளூர் அரக்கோணம் லைனில் இருக்கிறது, கும்மிடிப்பூண்டி கூடூர் லைனில். பெயருக்கு ஒரே மாவட்டம்; 1997 ஜனவரி 1 அன்று செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டத்திலிருந்து பிரித்தது. ரயிலில் போவதென்றால் பேசின் பிரிட்ஜ் வரை போய் வண்டி மாறி மறுபடி வடக்கே வர வேண்டும். ரோட்டில் பெரியபாளையம் வழியாகப் போகலாம்; ஆடி மாதமாக இருந்தால் பவானியம்மன் கூட்டத்தில் சிக்கி, கும்மிடிப்பூண்டியில் கூட்டம் முடிந்து மணி அடித்த பிறகுதான் போய்ச் சேருவோம். அப்படியும் போனோம். அப்போதைய ரோட்டரி விதி அது. தவறவிட்ட கூட்டத்துக்கு 14 நாள் முன்னாலோ பின்னாலோ உலகத்தில் எந்த ஊர் கிளப்பிலாவது போய் உட்கார்ந்து வந்தால் வருகை கணக்கில் சேரும். ‘மேக்-அப்’ என்போம். அந்த ஊர்ச் செயலாளர் ஓர் அட்டையில் கையெழுத்துப் போட்டுத் தருவார். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தால், வரி கட்டிய ரசீது கையில் இருப்பதுபோல ஒரு நிம்மதி.

நான் காக்களூர் சிட்கோ எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருந்தவன். இப்போது மகன் பார்க்கிறான். கிளப்பின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால், என் பெயர் ஏன் வரவில்லை என்று முன்னாள் தலைவர்கள் அத்தனை பேரும் போன் போடுவார்கள். செயலாளராக இருந்த காலத்தில் என்னிடம் தங்கிவிட்ட மினிட்ஸ் நோட்டுகளை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். இந்த வாரக் கூட்டம் என்ற பழக்கம் எங்கிருந்து வந்தது, இந்த ஊர்ப் பக்கம் அது என்ன செய்தது, எதைச் செய்யத் தவறியது என்பதுதான் விஷயம்.

ஆரம்பம் சிகாகோ. 1905 பிப்ரவரி 23 அன்று பால் ஹாரிஸ் என்ற வக்கீல், ஒரு சுரங்க இன்ஜினியரின் அலுவலகத்தில் மூன்று பேரோடு உட்கார்ந்தார். யூனிட்டி பில்டிங், அறை எண் 711. மற்றவர்களில் ஒருவர் நிலக்கரி வியாபாரி, இன்னொருவர் தையல்காரர். ஹாரிஸ் சின்ன ஊரில் வளர்ந்தவர். பெருநகரத்தில் தொழில் நடந்தது, பழக நாலு பேர் இல்லை. அந்தக் குறைக்காகக் கூடியதுதான் அந்தக் கூட்டம். ஊருக்கு நல்லது செய்வதற்காக இல்லை. ஒவ்வொருவர் அலுவலகத்திலும் முறைவைத்துச் சுற்றிச் சுற்றிக் கூடியதால் ரோட்டரி என்ற பெயர் வந்தது. பொதுக் கழிப்பறை கட்டுவது போன்ற ஊர்க்காரியங்கள் அதற்கு அடுத்த கட்டம். முதலில் பழக்கம், பிறகு சேவை. இந்த வரிசையை மறந்துவிட்டுத்தான் இன்றைக்குப் பல கிளப்புகள் நடக்கின்றன.

லயன்ஸும் அதே ஊர்ச் சரக்குதான். மெல்வின் ஜோன்ஸ் என்ற இன்ஷூரன்ஸ்காரர் 1917-ல் சிகாகோவில் தொடங்கியது; இந்தியாவுக்கு அது வர 1956 ஆகிவிட்டது. ரோட்டரி முந்திக்கொண்டது. கல்கத்தாவில் 1919-லேயே கிளப் வந்தது. மெட்ராஸுக்கு வந்தது 1929. அதற்குப் பின்னால் ஜேம்ஸ் டேவிட்சன் என்ற கனடாக்காரர் இருக்கிறார். 1928-ல் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு கப்பலேறியவர், ஏதென்ஸ், கெய்ரோ, ஜெருசலேம், பம்பாய், மெட்ராஸ், கொழும்பு, ரங்கூன், கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று ஊர் ஊராகக் கிளப் வைத்துக்கொண்டே போனார். சுற்றி முடிக்க 1931 ஆனது.

அந்தக் கால மெட்ராஸில் இது சாதாரண காரியம் இல்லை. 1832-ல் தொடங்கிய மெட்ராஸ் கிளப்பில் வெள்ளைக்காரர்தான் உறுப்பினர். நம் ஆட்கள் உள்ளே போகிற பேச்சே இல்லை. அதனால்தான் 1873-ல் காஸ்மாபாலிடன் கிளப் வந்தது. வியாபாரத்திலும் அப்படித்தான். 1836-லிருந்து மெட்ராஸ் சேம்பர் வெள்ளைக்காரக் கம்பெனிகளுக்கு, 1909-லிருந்து தென்னிந்திய சேம்பர் நம்மவர்களுக்கு. இப்படி இரண்டு வரிசையாக இருந்த ஊரில், வெள்ளைக்கார மேனேஜரும் இந்திய வியாபாரியும் வாரம் ஒருமுறை ஒரே மேஜையில் சாப்பிட வேண்டும் என்று ஒரு விதி வந்தது. மனம் மாறி வந்து உட்கார்ந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. விதி இருந்தது, உட்கார்ந்தார்கள்.

ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்தால்தான் நமக்குச் சங்கம் தெரியும் என்றும் இல்லை. விருதுநகர் நாடார் வியாபாரிகள் சரக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து, க்ஷத்திரிய வித்யாசாலாவைத் தொடங்கினார்கள். காமராஜர் படித்த பள்ளிக்கூடம். மகமையில் இருந்த ஒழுங்கு எந்த ரோட்டரிக்கும் குறைந்ததில்லை. ஆனால் அது ஒரே சாதிக்குள், ஒரே பேட்டைக்குள் நடந்த ஏற்பாடு. வேறு வேறு தொழில், வேறு வேறு சாதி, போதாக்குறைக்குத் தெலுங்கு பேசுகிறவர் பாதி என்று இருக்கிற எங்கள் பக்கத்துக்கு அது பொருந்தியிருக்காது.

எங்கள் பக்கம் என்பது இரண்டு பக்கம். திருவள்ளூர் பழைய ஊர். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு போன தென்னிந்தியாவின் முதல் ரயில் இந்த வழியாகத்தான் போனது. வீரராகவப் பெருமாள் கோயில், ஹிருதாபநாசினி குளம், அமாவாசைக்கு அமாவாசை குளத்தில் வெல்லம் கரைக்க வருகிற கூட்டம், ரைஸ் மில், கோர்ட், ஆஸ்பத்திரி. இங்கே கிளப் என்றால் டாக்டர், வக்கீல், மில் முதலாளி, நகைக்கடைக்காரர். கும்மிடிப்பூண்டி வேறு உலகம். கல்கத்தா ரோட்டில் ஆந்திர எல்லைக்குப் பக்கத்தில் இருந்த சின்ன ஊர். 1971-ல் சிப்காட் நிறுவனம் பிறந்து, பிறகு அங்கே தொழிற்பேட்டை வந்ததும் உருக்காலை, ரீ-ரோலிங் மில், ரசாயனம், ஃபவுண்டரி என்று ஊர் நிறம் மாறியது. அந்த நிறம் நிஜமாகவே மாறியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்தக் கம்பெனிகளின் மேனேஜர்களுக்கு ஊரோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. காலையில் அண்ணா நகரிலிருந்து கம்பெனி கார், சாயங்காலம் ஆறு மணிக்கு அதே காரில் திரும்பிப் போவார்கள். பஞ்சாயத்துத் தலைவர் யாரென்று தெரியாது, ஆரம்ப சுகாதார நிலையம் எங்கே என்று தெரியாது. வாரத்தில் ஒரு நாள் அவர்களை இரவு ஒன்பது மணி வரை ஊரில் பிடித்து வைத்தது கிளப் கூட்டம்தான். மேக்-அப்புக்குப் போகும்போது நான் கண்ணால் பார்த்தது இது. சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு ஆலை மேனேஜர் உள்ளூர் தலைமையாசிரியரிடம், “சார், உங்க ஸ்கூல்ல பெஞ்சு எத்தனை வேணும்?” என்று கேட்டார். மனு எழுதி, கேட் செக்யூரிட்டியைத் தாண்டி, எச்.ஆர். மேஜையில் மூன்று மாதம் கிடந்து நடக்க வேண்டிய காரியம். ரசம் ஆறுவதற்குள் முடிந்தது.

கூட்டம் எப்படி நடக்கும் என்று பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடமோ, லாட்ஜின் மேல்மாடியோ. நுழைவாயிலில் பேட்ஜ் போர்டு. அவரவர் பெயரை எடுத்துக் குத்திக்கொண்டால் போர்டில் மிச்சம் நிற்பவர்கள் வராதவர்கள். வருகைப் பதிவேடே தேவையில்லை. தலைவர் பித்தளை மணியைச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டுவார். தமிழ்த்தாய் வாழ்த்து, நால்வழிச் சோதனை, செயலாளர் அறிக்கை, பேச்சாளர், நன்றியுரை, மறுபடி மணி. அந்த நால்வழிச் சோதனை, ஹெர்பர்ட் டெய்லர் என்பவர் 1932-ல், திவாலாகிக் கிடந்த ஒரு அலுமினியப் பாத்திரக் கம்பெனியைத் தூக்கி நிறுத்த எழுதியது. சொல்வது உண்மையா, எல்லாருக்கும் நியாயமா, நட்பை வளர்க்குமா, எல்லாருக்கும் பயனா என்று நாலு கேள்வி. இதைச் சேர்ந்து ஒப்பித்துவிட்டு, அடுத்த நிமிஷமே பக்கத்து நாற்காலிக்காரரிடம் ஜாப் ஒர்க் ரேட்டைப் பாதியாகக் குறைத்துக் கேட்பவர்களும் எங்களிடம் இருந்தார்கள்.

நான் பல காலம் சார்ஜென்ட்-அட்-ஆர்ம்ஸாக இருந்தேன். பெயர்தான் பெரியது, வேலை உண்டியல் குலுக்குவது. காலரில் பின் குத்தவில்லையா, பத்து ரூபாய். பேப்பரில் போட்டோ வந்ததா, ஐம்பது. மகளுக்கு வரன் அமைந்ததை கிளப்பில் சொல்லாமல் மறைத்தாயா, நூறு. புதுக் கார் வாங்கியவர் கூட்டத்துக்குப் பழைய ஸ்கூட்டரில் வந்து மாட்டிக்கொண்டதும் உண்டு. ஃபைன் கட்டும்போது சிரிக்க வேண்டும் என்பது எழுதாத விதி. ஊரில் நாலு பேர் முன்னால் யாரும் ஒரு வார்த்தை கேட்க முடியாத ஆட்கள், அந்த மேஜையில் கேலியை வாங்கிக்கொண்டு காசும் போட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். எங்கள் ஊர் மாதிரி இடத்தில் அது சின்ன விஷயம் இல்லை.

தொழிலுக்கு ஒருவர் என்ற வகைப்பாட்டு விதியைத்தான் சமாளிப்பது பெரும்பாடாக இருந்தது. ஒரே தொழில்காரர்கள் கூடிச் சங்கமாகிவிடக் கூடாது என்பதற்காக வைத்தது. நல்ல விதி. ஆனால் காக்களூரில் கல்லை விட்டெறிந்தால் லேத் பட்டறையில்தான் விழும். ஆகவே நான் ‘பிரிசிஷன் டர்னிங்’, எதிர் ஷெட்காரர் ‘ஜெனரல் இன்ஜினியரிங்’, மூன்றாமவர் ‘ஸ்பேர்ஸ் உற்பத்தி’. கும்மிடிப்பூண்டியில் இன்னும் ருசி: இரும்பு-உருக்கு, இரும்பு-உருட்டு, இரும்பு-வியாபாரம், இரும்பு-ஸ்கிராப். ஒரே இரும்பு, நாலு நாற்காலி. விதியைப் பிற்பாடு தளர்த்தினார்கள். எங்களுக்கு அந்தத் தளர்வு தேவைப்படவே இல்லை.

பேச்சாளர் பட்டியலைப் பார்த்தால் அந்தக் காலத்து ஊரே தெரிகிறது. தாசில்தார், ஈ.எஸ்.ஐ. டாக்டர், பேங்க் மேனேஜர். பூண்டி நீர்த்தேக்கத்தையும் கிருஷ்ணா கால்வாயையும் பற்றிப் பொதுப்பணித்துறை இன்ஜினியர் ஒருவர் பேசியிருக்கிறார். 1996-ல் கிருஷ்ணா தண்ணீர் தமிழக எல்லைக்கு வந்தது எங்கள் பக்கத்து ஊத்துக்கோட்டை வழியாகத்தான். எனக்கு மிக உபயோகப்பட்டது மின்வாரிய ஏ.இ. பேசியது. பவர் ஃபேக்டர் குறைந்தால் பில்லில் ஏன் அபராதம் விழுகிறது, கெபாசிட்டர் எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று கரும்பலகையில் போட்டுக் காட்டினார். மறுநாளே பட்டறையில் மாட்டினேன். 2008-க்குப் பிறகு வந்த மின்வெட்டுக் காலத்தில் கூட்டமே ஜெனரேட்டர் வாடகையைப் பற்றிய பேச்சாகிவிட்டது. யாரிடம் எத்தனை கே.வி.ஏ. இருக்கிறது, யார் யாருக்கு எந்த ஷிப்டில் கொடுத்து உதவலாம் என்பது சாப்பாட்டு மேஜையில் முடிவானது.

போலியோ கதைக்கு வருகிறேன். ரோட்டரி என்றதும் எல்லாரும் சொல்வது அதைத்தான். 1985-ல் போலியோ பிளஸ் தொடங்கியது. நம் நாட்டில் 1995-லிருந்து பல்ஸ் போலியோ ஞாயிறுகள். முகாமில் மஞ்சள் அங்கியோடு நிற்பது சுலபம். எங்கள் மாவட்டத்தில் கஷ்டம் செங்கல் சூளைகளில் இருந்தது. பொங்கலை ஒட்டி ஒடிசாவின் போலாங்கிர் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து, மழைக்கு முன்னால் திரும்பிப் போகிறவர்கள். ரேஷன் கார்டு இல்லை, அங்கன்வாடிப் பதிவு இல்லை. வெளியாள் உள்ளே வந்தால் மேஸ்திரிக்குப் பிடிக்காது. என்ன கூலி, எவ்வளவு முன்பணம் என்று யாராவது விசாரித்துவிடுவார்கள் என்ற பயம். சுகாதார செவிலியர் வாசலிலேயே நிற்க வேண்டியிருந்தது.

அந்தச் சூளைகளுக்கு டீசல் போட்ட பங்க் முதலாளி எங்கள் கிளப்பில் இருந்தார். வாரா வாரம் என் பக்கத்து நாற்காலி. “அண்ணே, அந்த மேஸ்திரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றேன். ஒரு போன், கேட் திறந்தது. ஐஸ் பேக் வைத்த நீலப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு செவிலியர் முன்னால் போனார். அவர் காட்டித்தான், மருந்துக் குப்பியில் வட்டத்துக்குள் இருக்கிற சதுரம் வெளிறியிருந்தால் மருந்து நல்லது, கறுத்துவிட்டால் தூக்கிப்போட வேண்டும் என்று தெரிந்துகொண்டேன். பச்சைக் கல் அடுக்குகளுக்கு நடுவே பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, இரண்டு சொட்டு விட்டு, இடது சுண்டுவிரலில் மை வைத்தோம். எங்களுக்கு ஒடியா தெரியாது, அவர்களுக்குத் தமிழ் தெரியாது. அம்மாக்கள் முதலில் பின்வாங்கினார்கள். ஒரு கிழவி தன் பேரனை முன்னால் தள்ளிவிட்டதும் மற்றவர்கள் வந்தார்கள். நாட்டின் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரி 13 அன்று ஹௌராவில் கண்டறியப்பட்ட குழந்தை; 2014 மார்ச் 27 அன்று போலியோ இல்லாத நாடு என்ற சான்றிதழ் வந்தது. சாதித்தது அரசு ஊழியர்கள். எங்கள் பங்கு கேட்டைத் திறந்து வைத்தது. அந்தக் கேட்டும் சாப்பாட்டு மேஜையால்தான் திறந்தது.

இதைவிடப் பெரிய கேட் ஒன்றைத் திறந்தவர் கொழும்பு ரொட்டேரியன் கே.ஆர். ரவீந்திரன். இலங்கையில் போர் நடந்தபோது வடக்கில் பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து போட, யுனிசெப்போடு சேர்ந்து அந்த நாட்களுக்குச் சண்டை நிறுத்தம் வாங்கியவர்களில் அவர் முக்கியமானவர். பிறகு 2015-16-ல் உலக ரோட்டரித் தலைவரானார். அந்த வடக்கிலிருந்து தப்பி வந்த சனம் வாழ்கிற முகாம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது என்பதால் எங்களுக்கு அந்தச் செய்தி தூரத்துச் செய்தியாகப் படவில்லை.

இனி நிறம் மாறிய கதை. சிப்காட்டைச் சுற்றிய ஊர்களில் மொட்டை மாடியில் துணி காயப் போட்டால் கரிப்பொடி படியும். அதைப் பற்றி என் மினிட்ஸ் நோட்டுகளில் ஒரு வரி கிடையாது. மேக்-அப்புக்குப் போன மேஜைகளிலும் நான் கேட்டதில்லை. அரசியல், மதம் பேசக் கூடாது என்பது வழக்கம். புகையைப் பற்றிப் பேசக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை, ஆனாலும் பேசவில்லை. சூளை வைத்திருப்பவரும் ஃபர்னஸ் வைத்திருப்பவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்போது எப்படிப் பேசுவது? நட்பு கேட்டைத் திறக்கும், வாயை மூடவும் வைக்கும். ஆஸ்துமா முகாம் நடத்தினோம், இன்ஹேலர் கொடுத்தோம். மூச்சிரைப்பு எதனால் என்று மட்டும் கேட்கவில்லை.

வெளியே நின்றவர்கள் இன்னும் உண்டு. மாதச் சந்தாவும் சாப்பாட்டுக் காசும் கட்ட முடிந்தவர்களுக்குத்தான் நாற்காலி. தொழிலாளி பயனாளியாக வந்தார், உறுப்பினராக வரவில்லை. பெண்கள், உறுப்பினர்களின் மனைவிகளாக, ‘ஆன்ஸ்’ என்ற பெயரில் பதவியேற்பு விழாவுக்குப் பட்டுப்புடவையில் வந்து போனார்கள். 1987-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, 1989-ல் ரோட்டரி தன் விதியை மாற்றிய பிறகும் எங்கள் கிளப்பில் பெண் உறுப்பினர் வரப் பல வருஷம் ஆனது. வந்தவர் ஒரு மகப்பேறு டாக்டர். முதல் கூட்டத்திலேயே, “ரத்த தான முகாம் வருஷத்துக்கு ஒண்ணு போட்டா போதாது, எனக்கு மாசா மாசம் ரத்தம் வேணும்” என்றார். கிளப் உருப்பட்டது அந்த வருஷம்தான்.

ரவீந்திரன் தலைவராக இருந்த அதே காலத்தில், 2016 ஏப்ரலில் சிகாகோவில் கூடிய ரோட்டரியின் சட்ட மன்றம் வாரக் கூட்ட விதியைத் தளர்த்தியது. மாதம் இரண்டு முறை கூடினால் போதும். வருகை விஷயத்தை அந்தந்த கிளப் தீர்மானித்துக்கொள்ளலாம். அமெரிக்கா போன்ற நாடுகளில் உறுப்பினர் குறைந்துகொண்டே போனதால் எடுத்த முடிவு. காரணம் எனக்குப் புரிகிறது. எங்களிடம் விளைந்தது வேறு. மாதம் இரண்டு என்பது ஒன்றானது. கொரோனாவில் அதுவும் ஜூமுக்குப் போனது. இப்போது கிளப் என்பது வாட்ஸ்அப் குழு. தையல் மெஷின் கொடுக்கிறோம், பத்துப் பேர் ஒரு மெஷினைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுக்கிறோம், கலைகிறோம். முன்பைவிடப் பணம் அதிகம் புரள்கிறது. ஆனால் பக்கத்து ஷெட்டுக்குப் புதிதாக வந்த முதலாளியின் பெயர் எனக்குத் தெரியாது. அவரும் உறுப்பினர்தானாம்.

என் தீர்ப்பு இதுதான்: வாரக் கூட்டத்தைக் கைவிட்டது தப்பு. கைவிட்டிருக்க வேண்டியது சாப்பாட்டை. ஏ.சி. ஹாலும் பஃபேயும் இல்லாமல் டீயும் மசால் வடையும் போதும் என்று வைத்திருந்தால் ஃபிட்டரும் சூப்பர்வைசரும் வந்திருப்பார்கள், புகையைப் பற்றிப் பேச ஆளும் இருந்திருக்கும்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, மீஞ்சூர் பக்கம் ரோட்டரியோ லயன்ஸோ ஜேசீஸோ எதில் இருந்தவர்களானாலும், வீட்டுப் பரணில் பழைய மினிட்ஸ் நோட்டுகள் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அடுத்து வரும் செயலாளரிடம் கொடுங்கள், இல்லையென்றால் மாவட்ட மைய நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். இந்தத் தொழிற்பேட்டைகளின் கணக்கு அரசு ஆவணங்களில் கிடைக்கும். யார் யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள் என்பது அந்த நோட்டுகளில் மட்டும்தான் இருக்கிறது.